முடிச்சும் பேரேடும்



இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர், ஆண்டுதோறும் நிகழும் இச்சொற்பொழிவு உழைப்பைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும், தம்முடைய பெயரை மேடையில் சொல்லிப் புகழக் கூடாது என்று மற்றொரு நிபந்தனையும் விதித்துச் சென்றிருப்பதாக அழைப்புக் கடிதத்தில் கண்டேன். இரண்டையும் மதித்து, உபசார வார்த்தைகளைக் குறைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். செய்கிற வேலைக்குத் தக்க ஊதியம் தமக்குக் கிடைக்கவில்லை என்ற எண்ணம் ஒருவர் மனத்தில் முளைத்த பிறகு அவர் என்ன செய்ய வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். நான் பேராசிரியன் அல்லன். பொருளாதார சாஸ்திரத்தை முறையாகக் கற்றவனும் அல்லன். கோயம்புத்தூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றின் சம்பளப் பிரிவில் 1968இல் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 28 ஆண்டுகள் பிறருடைய கூலியைக் கணக்கிட்டு எழுதிக்கொண்டிருந்தவன். அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கண்டவற்றையும், பின்னாளில் சட்டப் புத்தகங்களில் தேடிப் படித்தவற்றையும் தவிர வேறு மூலதனம் என்னிடம் இல்லை.

நம்மவர் யாவரும் அறிந்த பழமொழி ஒன்று உண்டு: உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது. இதைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் பெருமூச்சோடு சொல்லி, ஆகையால் கணக்குப் பார்க்காமல் இருப்பதே மனத்துக்கு நிம்மதி என்ற தாத்பரியத்தையும் அதனோடு சேர்த்தே வைத்துவிடுகிறார்கள். எனக்கோ இப்பழமொழி வேறு விதமாகவே பொருள்படுகிறது. உழக்கும் மிஞ்சவில்லை என்பது கணக்குப் பார்த்த பிறகல்லவா தெரியவந்தது? பாராத வரையில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் வயிற்றின் எரிச்சலும் மனத்தின் புகைச்சலும்தான். மிஞ்சியிருக்க வேண்டிய உழக்கு எந்தக் களத்தில், யாருடைய மரக்காலில் போயிற்று என்று கேட்பதற்கு வாய் பிறப்பது கணக்கினால்தான். மனக்குறை என்பது அவரவர் நெஞ்சுக்குள் கிடப்பது. அதைப் பிறர் எடுத்துப் பார்க்கவும் முடியாது, சரிபார்க்கவும் முடியாது. அதுவே வேறொருவர் கையில் வாங்கிப் பார்த்துச் சரியென்றோ தப்பென்றோ சொல்லக்கூடிய கணக்காக மாறும்போது உரிமையாகிறது.

இதை எனக்குப் பிரத்தியட்சமாகக் காட்டியவர் ஓர் அம்மாள். 1971ஆம் ஆண்டு. எங்கள் ஆலையில் ஆயிரத்துக்கும் குறைவானவர்களே வேலை பார்த்தபடியால், 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டப்படி, மாதம் முடிந்து 7ஆம் தேதிக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அன்றைக்குப் பட்டுவாடா ஜன்னலின் முன்னே வரிசை நிற்கும். நான் பெயரைப் படிக்க, காசாளர் உறையை நீட்ட, வாங்குகிறவர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டு, எண்ணிப் பார்க்கக்கூட நேரமின்றி நகர்ந்துவிடுவார். கழிவுப் பஞ்சு பொறுக்கும் பகுதியில் நாட்கூலிக்கு வேலை செய்த, ஐம்பது வயதை எட்டிய அந்த அம்மாள், உறையை வாங்கிய பிறகும் நகராமல் நின்று, "ஏனுங்க தம்பி, ரெண்டு நாள் கொறையுதுங்க" என்றார். வரிசை முணுமுணுத்தது. ஏட்டில் 22 நாள்தான் இருக்கிறது அம்மா என்று நான் சற்றுக் கடுமையாகவே சொன்னேன். அவர் எதிர்வார்த்தை பேசவில்லை. முந்தானை நுனியை அவிழ்த்து, அதற்குள்ளிருந்து ஒரு முழ நூலை எடுத்து, ஜன்னல் பலகையின்மேல் நீட்டி வைத்து, இரு முனையிலும் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அதில் முடிச்சுகள் இருந்தன. வேலைக்கு வந்த நாளுக்கு ஒரு முடிச்சு. வராத நாளுக்கு ஒரு விரற்கடை வெற்றிடம். எண்ணிப் பார்த்தேன், 24.

அன்று மாலை மேஸ்திரியின் வருகைப் புத்தகத்தையும் எங்கள் பேரேட்டையும் பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிட்டபோது, மூன்றாம் வாரத்தில் இரண்டு நாள், அதே பெயருடைய இன்னொருவர் கணக்கில் ஏறியிருப்பது தெரிந்தது. அந்தப் பக்கத்தை எழுதியவன் நான். மறுநாள் பாக்கித் தொகையை அவர் பெற்றுக்கொண்டு, அங்கேயே ஓரமாக நின்று, முடிச்சுகளை நகத்தால் ஒவ்வொன்றாக அவிழ்த்து, நூலை நீவிவிட்டு, மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டார். அடுத்த மாதத்துக்கும் அதே நூல். அவர் ஒரு தடவைகூட அநியாயம் என்ற சொல்லை உச்சரிக்கவில்லை என்பதைப் பிற்பாடுதான் நினைத்துப் பார்த்தேன். எத்தனை நாள் என்பதை மட்டுமே சொன்னார். அதனால்தான் என்னால் அவருக்கு மறுமொழி சொல்லித் தப்ப முடியவில்லை.

இது கண்ணெதிரே நடந்தும், எனக்கு வேண்டிய பாடத்தை நான் உடனே கற்றுக்கொள்ளவில்லை. 1976இல், எட்டு ஆண்டு அனுபவம் ஆன பிறகு, எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞருடைய சம்பளத்தை ஏட்டில் ஏற்றும் வேலை என்னிடமே வந்தது. அது என் சம்பளத்தைவிட 40 ரூபாய் அதிகம். அவருக்கு வேலை கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். மை உலர்ந்த பிறகும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பின் நான்கு மாத காலம் ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டில் சுள்ளென்று விழுந்தேன். அந்த இளைஞர் கேட்ட ஐயங்களுக்குப் பாதி விடையே கொடுத்தேன். கொடுக்கிற காசுக்கு இது போதும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு, முன்பு இரண்டு முறை சரிபார்த்த கூட்டலை ஒரு முறையோடு விட்டேன். குறைந்த ஊதியத்தால் விளைகிற தீங்குகளில் வறுமையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். தன் கைவேலையின்மீது தனக்கிருந்த மதிப்பைத் தானே அரித்துத் தின்ன வைக்கிற இந்த இரண்டாவது தீங்கைப் பற்றிப் பேசுவாரைக் காணோம்.

ஏன் வாய் திறக்கவில்லை என்று இப்போது ஆராய்ந்து பார்த்தால், பயம் ஒரு பங்கு என்றால் கூச்சம் மூன்று பங்கு என்றே தோன்றுகிறது. கேட்பது பேராசை என்றும், நல்ல வேலைக்காரனின் தகுதியைப் பிறர் தாமே கண்டு கொடுப்பார்கள் என்றும், அதுவரை காத்திருப்பதே கௌரவம் என்றும் நமக்குச் சிறு வயதிலிருந்தே போதிக்கப்பட்டிருக்கிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்ற முதுமொழியைச் சம்பளம் கொடுக்கிறவருக்கும் பொருத்திப் பேசுவதை எத்தனையோ அலுவலகங்களில் கேட்டிருக்கிறேன். அது விருந்திட்டவருக்கும் ஆபத்தில் அன்னமிட்டவருக்கும் உரிய நன்றியைச் சொல்லுகிற வாக்கு. மிகவும் உயர்ந்த வாக்கு. ஆனால் எட்டு மணி நேர உழைப்பை வாங்கிக்கொண்டு அதற்கு ஈடாகக் கொடுக்கப்படுகிற உப்பு தானம் ஆகாது, அது விலை. தானத்தை அளந்து பார்ப்பது இழிவு. விலையை அளந்து பாராமல் இருப்பதோ ஏமாறுவதற்கு இடம் கொடுப்பது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டால், கூலி கேட்கிறவர் நன்றி கெட்டவராகவும், குறைத்துக் கொடுக்கிறவர் புரவலராகவும் தோன்றத் தொடங்கிவிடுவார்கள்.

கேட்டதற்காக நம் நாட்டில் மனிதர்கள் கொடுத்த விலை சாமானியமானதன்று. 1908இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். கூலி உயர்வும் வேலை நேரக் குறைப்பும் வார விடுமுறையும் கிடைத்தன. சில நாட்களில் தலைவர்கள் இருவரும் கைதாயினர். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, அதன் தலைவர் பி.பி.வாடியா முதலில் கையிலெடுத்த குறைகளுள் ஒன்று, ஆலைத் தொழிலாளிக்கு நண்பகலில் சோறு உண்ணக் கிடைத்த நேரம் போதாது என்பது; அரை மணி, கை கழுவி உட்கார்ந்து எழுந்து திரும்புவதற்குள் தீர்ந்துவிடுகிற அரை மணி. பின்னர் ஆலை நிர்வாகம் அவர்மீதும் சங்கத்தார்மீதும் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. கூடிக் கேட்பதே குற்றம்போல் ஆயிற்று. அந்த வழக்கு எழுப்பிய கேள்விதான் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வித்திட்டது. கீழத் தஞ்சையில் நெற்கூலியில் அரைப்படி கூடுதலாகக் கேட்ட பிரச்சினை முற்றி, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் தீக்கிரையாயின. அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அடுத்த ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அரைப்படி என்ற அளவை இன்றும் என்னால் சாதாரணமாக உச்சரிக்க முடியவில்லை.

சரி, எவ்வளவு கேட்பது? நியாயம் என்ற சொல்லுக்குப் படியும் மரக்காலும் உண்டா? உண்டு என்று காட்டியது 1957ஆம் ஆண்டில் கூடிய 15ஆம் இந்தியத் தொழிலாளர் மாநாடு. குறைந்தபட்சக் கூலி என்பது முதலாளியின் தயவையோ தொழிலாளியின் மன்றாட்டையோ பொறுத்ததாக இராமல், ஒரு குடும்பத்தின் அன்றாடத் தேவையிலிருந்து கூட்டி வரவேண்டும் என்பது அம்மாநாட்டின் தீர்மானம். கணவன் ஒரு பங்கு, மனைவி 0.8, குழந்தைகள் இருவருக்கும் தலைக்கு 0.6, ஆக மூன்று நுகர்வுப் பங்குகள். ஒரு பங்குக்கு 2,700 கலோரி உணவு. இந்த அளவைக் கூறியவர் குன்னூரிலிருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தலைவராயிருந்த டாக்டர் அய்க்ராய்ட். தலைக்கு ஆண்டுக்கு 18 கஜம் துணி, நால்வருக்கு 72 கஜம். குடியிருப்புக்கு, அரசாங்கத் தொழிலாளர் வீட்டுத் திட்டத்தின் குறைந்த வாடகை. விறகு, விளக்கு முதலிய சில்லறைச் செலவுகளுக்கு மொத்தத்தில் 20 சதவீதம். மனைவி ஈட்டுவதைக் கூட்டிக்கொண்டு கூலியைக் குறைக்கக் கூடாது என்பதும் அதில் சொல்லப்பட்டது.

இக்கணக்கை முதல் தடவை படித்தபோது எனக்கு உண்டான உணர்ச்சியை விவரிப்பது கடினம். அதுவரை நான் எழுதிய பேரேடுகளில் மனிதர்கள் டோக்கன் எண்களாகவும் நாள்களாகவும் மட்டுமே இருந்தார்கள். இங்கே ஒரு குழந்தை 0.6 ஆக வந்து உட்கார்ந்திருந்தது, அதற்குப் பதினெட்டுக் கஜம் துணியும் இருந்தது. குறையும் இல்லாமலில்லை. நம் வீடுகளில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாயும் தகப்பனும் அந்த மூன்று பங்கில் எங்கே? பள்ளிச் சம்பளம் எங்கே, மருந்து எங்கே? இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு சேர்த்தது நம் சென்னைத் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளர் வழக்கே என்பது நமக்குப் பெருமை. ரெப்டகாஸ் பிரெட் நிறுவனம் அகவிலைப்படி கணக்கிடும் முறையைத் தொழிலாளருக்குப் பாதகமாக மாற்ற முனைந்ததிலிருந்து எழுந்த அவ்வழக்கில், 1991இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், 1957ஆம் ஆண்டின் ஐந்து கூறுகளோடு ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தது: குழந்தைகளின் கல்வி, மருத்துவம், திருவிழா உள்ளிட்ட எளிய பொழுதுபோக்கு, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காக 25 சதவீதம். பொங்கலுக்கு ஒரு புதுத்துணி எடுப்பதும் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வதும் ஊதாரித்தனம் அல்ல, ஊதியத்தின் ஓர் அங்கம் என்று நாட்டின் உச்ச மன்றமே ஒப்புக்கொண்டது.

தொழில் தாங்குமா என்று கேட்பார்கள். அதற்கும் அளவு வகுக்கப்பட்டிருக்கிறது. சுதந்திரத்தை அடுத்து அமைக்கப்பட்ட நியாய ஊதியக் குழு, குறைந்தபட்ச ஊதியம், நியாய ஊதியம், வாழ்வூதியம் என மூன்று படிகளைக் காட்டி, நியாய ஊதியத்தின் அடிவரம்பு குறைந்தபட்ச ஊதியம் என்றும், மேல்வரம்பு தொழிலின் கொடுக்கும் சக்தி என்றும் சொன்னது. ஆகவே நடுப்படியில் நின்று பேசுகிறபோது ஆலையின் லாப நஷ்டத்தையும் கேட்பது தர்மமே. கேட்கிறவரும் அதை அறிந்துகொண்டு பேசுவதே அழகு. அடிப்படியில் மட்டும் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. குறைந்தபட்சக் கூலியைக் கூடக் கொடுக்க இயலாத தொழிலுக்கு நடப்பதற்கே உரிமை கிடையாது என்பது உச்ச நீதிமன்றம் ஐம்பதுகளிலேயே நிலைநாட்டிய விதி. 1982இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், அதற்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு விலக்கியுள்ள கட்டாய உழைப்பே என்றும் அது தீர்ப்புச் சொல்லிற்று.

பக்கத்து நாற்காலியோடு ஒப்பிட்டு எழுகிற குறையைப் பொறாமை என்று ஒதுக்கிவிடுவது உலக வழக்கம். பம்பாயில் மக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்தில் சுருக்கெழுத்தராக வேலை பார்த்த பெண்மணி ஒருவர், 1977இல் வேலையினின்று நீக்கப்பட்ட பிறகு, ஆண் சுருக்கெழுத்தருக்குக் கொடுத்ததைவிடத் தமக்குக் குறைவாகக் கொடுக்கப்பட்டு வந்ததென்று, 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தின்கீழ் மனுச் செய்தார். பெண் சுருக்கெழுத்தர் தனிப் பிரிவினர் என்று நிறுவனம் வாதித்தது. ஊதிய விகிதம் சங்கத்தோடு செய்த ஒப்பந்தப்படி அமைந்தது என்றும் வாதித்தது. நிதிநிலை இடம் கொடுக்காது என்றும் வாதித்தது. படிப்படியாக மேலேறிய அவ்வழக்கில், 1987இல், வேலையின் தன்மையை மொத்தமாகப் பார்க்க வேண்டுமேயன்றி அற்ப வித்தியாசங்களைப் பெரிதாக்கக் கூடாது என்றும், ஒப்பந்தமோ பணமுடையோ அச்சட்டத்திலிருந்து தப்புவதற்கு வழியாகாது என்றும் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. சங்கமே கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் சங்கத்துப் பெண்கள் குறைவாக மதிக்கப்பட்டிருந்தார்கள் என்பதைத் தொழிற்சங்க நண்பர்கள் மறக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். இக்காலத்தில், தம் சம்பளத்தைச் சக ஊழியரிடம் சொல்லக் கூடாது என்று நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்குகிற வழக்கம் பரவியிருப்பதாக என் பேரன் சொல்லக் கேட்டேன். அந்தப் பெண்மணி பக்கத்து மேஜையின் சம்பளத்தை அறியாதிருந்தால் எந்த மன்றத்தில் என்ன சொல்லியிருப்பார்? அந்த இரகசியத்தால் ஆதாயம் அடைகிறவர் எப்போதும் ஒரே தரப்பினரே.

என் சொந்தக் கதையை நடுவில் விட்டேன். நான்கு மாதத்துக்குப் பின் ஒரு 7ஆம் தேதி, அந்த அம்மாள் உறையை வாங்கிக்கொண்டு, வழக்கம்போல் முந்தானையை அவிழ்த்து நூலைப் பார்த்து, சரியாயிருக்கிறது என்று தலையசைத்துவிட்டுப் போனதைக் கண்டேன். அன்றிரவு என் மகளின் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். இடப்பக்கம், நான் சேர்ந்தபோது செய்த வேலைகளையும், எட்டு ஆண்டுகளில் கூடிய வேலைகளையும், பஞ்சப்படிக் கணக்கு, போனஸ் பட்டியல், வைப்புநிதிப் பதிவு என்று எழுதினேன். வலப்பக்கம், அக்கம்பக்கத்து ஆலைகள் மூன்றில் அதே வேலைக்குக் கொடுக்கப்பட்டதை, நண்பர்களைக் கேட்டறிந்து எழுதினேன். அந்த இளைஞரின் பெயரை எழுதவில்லை. அவருடைய சம்பளம் குறையவேண்டும் என்பது என் கோரிக்கை அல்ல. என் வீட்டுக் கஷ்டத்தையும் எழுதவில்லை. மானேஜர் அதை இரண்டு முறை வாசித்தார்; ஓர் ஆலையின் தொகையை மட்டும் சந்தேகித்து, தொலைபேசியில் விசாரித்துச் சரியென்று கண்டார்; "இதை நீங்க மொதல்லயே கொண்டுவந்திருக்கலாமே" என்றார். மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. கேட்டது 40, கொடுத்தது 25, கடந்த காலத்துக்கு நிலுவை இல்லை. முழு நியாயம் என்று அதை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. ஆயினும் மறுநாள் அந்த இளைஞர் ஓர் ஐயம் கேட்டபோது முழு விடையையும் சொன்னேன். கூட்டலை மறுபடி இரண்டு முறை பார்க்கத் தொடங்கினேன்.

அந்த அம்மாள் 1979இல் வேலையை விட்டு நின்றார். 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் கூலி வீதம் அவருக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கும் என்னிடமே வந்தது. பேரேட்டில் அவர் பெயர் ஏறியது 1962இல். ஆக 17 ஆண்டு. "அதுக்கு முன்னால ஆறு வருசம் பதிலியா வந்தனுங்களே தம்பி" என்றார். வந்திருப்பார், நான் ஐயுறவில்லை. கிடங்கறையில் மூன்று நாள் பழைய கட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். கறையான் தின்றது போக மிஞ்சிய பதிலிப் புத்தகங்களில் நாளுக்கு எத்தனை பேர் என்ற எண்ணிக்கை இருந்ததே தவிர, பெயர்கள் இல்லை. அந்த வருஷத்து நூல் ஏதாவது இருக்கிறதா அம்மா என்று கேட்டேன். இல்லையென்று தலையசைத்தார், மாதந்தோறும் முடிச்சவிழ்த்து நீவி மறுபடி முடிந்த ஒரே நூல்தானே. 17 ஆண்டுக்கான தொகையை வாங்கி, ஜன்னலோரம் நின்று நிதானமாக எண்ணினார். நான் எழுதிய தொகையும் உறைக்குள் இருந்த தொகையும் ஒத்திருந்தன. கைநாட்டு வைத்துவிட்டு, உறையை முந்தானையில் முடிந்துகொண்டு, ஆலை வாசலைக் கடந்து போனார்.